நாலு ராடும் ஒரு சாய்கோடும்

பியோன் முதலாளியின் கறுப்புக் காரை ஒருவன் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது தென்கொரியாவின் மொக்போவில் மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோசு ஊறவைக்கிற காலம். துறைமுகத்துக்குப் பின்னால் ஏறும் அந்தச் சரிவில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் தொட்டி தொட்டியாக உப்புத் தண்ணீரும் கோசும்தான். பில்-சூன் மட்டும் இன்னும் ஒரு கோசுகூட வாங்கவில்லை. பட்டறையில் கரி அடுப்பின் மேல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றவள், இறங்கி வந்தவனைப் பார்த்தாள். முப்பது தாண்டிய ஆள், மீசையில் பனி ஒட்டியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

“அக்கா, எஞ்சினுக்குள்ள யாரோ சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம். ஆயில் இருக்கா இல்லையான்னு பாக்காமலே ஓட்டிருக்காக. முதலாளி பல்லு கட்ட சியோலுக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள பிரிச்சு சரிபண்ணி நிறுத்திட்டோம்னு வையுங்க, என்னைய மேனேசராவே ஆக்கிப்புடுவாரு.”

“யாரு உங்க முதலாளி?”

“பியோன் முதலாளி. டாக்ஸி கம்பெனிக்காரரு. எம்பேரு ஜின்-பே. ஹேநாம்லருந்து இப்பத்தான் வந்து சேந்தேன்.”

பில்-சூன் கையை அடுப்பிலிருந்து எடுத்தாள். சூடு பட்டது அப்போதுதான் உறைத்தது.

“எங்கிட்டக் கொண்டு வரச் சொல்லி யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ரோட்டுல விசாரிச்சேன். இந்த ஊருல எஞ்சின் பிரிக்கிறதுன்னா பான்-சோக் பட்டறைதான்னாங்க. ஏன்க்கா?”

“ஒண்ணுமில்ல. உள்ள தள்ளு.”

பான்-சோக் அவள் புருஷன். பெயர்ப் பலகையில் அவன் பெயர் இன்னும் இருந்தது. ஆள்தான் பட்டறையில் இல்லை. முன்பு பியோனின் டாக்ஸிகளுக்கெல்லாம் எஞ்சின் வேலை அவன்தான் பார்த்துவந்தான். ஒரு டாக்ஸிக்கு, பிஸ்டனைத் தாங்கும் ராடு நாலையும் புதுசாகப் போட்டுக் கொடுத்த மறுவாரம், கடலோர இறக்கத்தில் அந்த வண்டியின் ராடு முறிந்தது. எஞ்சின் இறுகி, சக்கரம் பூட்டி, வண்டி பாறைக்குப் போய்விட்டது. ஓட்டிய பையன் கி-தே அங்கேயே செத்தான். முறிந்த துண்டைப் பார்த்த போலீஸ் அதிகாரி, இது தேய்ந்த பழைய ராடு என்றார். “புதுசு போட்டேன்னு சொல்லிட்டுப் பழசப் போட்டு ஏமாத்திட்டான்” என்று கோர்ட்டில் நின்று சொன்னார் பியோன். முதல் நாள் “நான் புதுசுதான் போட்டேன்” என்றான் பான்-சோக். இரண்டாம் நாள், “புதுசுதான் போட்டேன்னு நெனைக்கிறேன்” என்றான். அந்த மாதம் ஒரே சமயத்தில் பல எஞ்சின்களைப் பிரித்துப் போட்டிருந்தான், தூக்கமில்லை. கை தவறிப் பழசையே திருப்பிப் போட்டிருக்கலாம். சிறைக்குள் போனபோது அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. வெளியே வந்தபோது அவன் அதை முழுசாக நம்பியிருந்தான்.

வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலைக்குப் போனான். பட்டறையைப் பில்-சூனே நடத்தினாள். கல்யாணமான நாள் முதல் அவனோடு நின்று, அவன் பிரித்ததைக் கழுவி, அவன் சொன்னதைப் பிடித்துக் கொடுத்து, கேட்காமலே கற்றுக்கொண்ட வேலை.

பான்-சோக்கின் வெட்டுமேடைக்கு அடுத்த வரிசையில் கி-தேயின் அம்மாவுக்குக் கிளிஞ்சல் கடை. அவள் காலையில் கடை விரிப்பதற்கு முன்னால் நேராக அவன் மேடைக்கு வருவாள். வெட்டுப்பலகையில் துப்புவாள். போய்விடுவாள். அவன் வாளித் தண்ணீர் ஊற்றிப் பலகையைக் கழுவிவிட்டு முதல் மீனை எடுப்பான்.

“வேற வரிசைக்கு மாறிக்கிட்டா என்ன? கை கழண்டா போயிரும்?” என்று பில்-சூன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

“அந்தம்மா மகன நான் கொன்னேன். துப்பட்டும்.”

அதே கி-தே அம்மா, அறுவடைத் திருநாளுக்குப் பியோன் முதலாளி அனுப்பிவைக்கிற பேரிக்காய்ப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வாங்கிக்கொண்டு, அவர் வீடு இருக்கும் திசையைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிடுவாள். “பெத்த பிள்ள போயிட்டான். இந்த மனுசன்தான் எனக்குப் பிள்ள மாதிரி” என்பாள். 

இப்போது அந்த மனுசனின் கார் அவள் பட்டறைக்குள் நின்றது.

மறுநாள் காலை சங்கிலி போட்டு எஞ்சினை இறக்கி, மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினாள். அடியில் ஆயில் பாத்திரத்தைப் பிரித்தபோது கறுப்புக் கூழுக்குள் உலோகப் பொடி மினுமினுத்தது. நாலு பிஸ்டனையும் ராடோடு மேலே தள்ளி ஒவ்வொன்றாக உருவினாள். பிஸ்டன் மண்டையில் அடுப்புக்கரி போலக் கரி ஏறியிருந்தது. பக்கவாட்டில் பூனை பிறாண்டின மாதிரி நெட்டுக்குக் கீறல். ரிங்குகள் கரியில் ஒட்டி அசையவே இல்லை. பேரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்திருந்தன. ஆயில் இல்லாமல் ஓட்டினால் இதுதான் நடக்கும். பிஸ்டன் நாலும் குப்பைக்கு.

ராடுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வேலைக்காரி செய்கிற காரியம் ராடில் கீறல் இருக்கிறதா என்று தேடுவது, இருந்தால் தூக்கிப் போடுவது. அன்றைக்கு அவளும் தேடத்தான் போகிறாள். ஆனால் கீறல் கிடைத்தால் அந்த ராடைத் தூக்கிப் போடுவதற்காகத் தேடவில்லை. மறுபடி உள்ளே வைத்து மூடுவதற்காக. அதே இறக்கத்தில், அதே பாறையில். கீறல் கிடைக்காவிட்டால் ஒரு போல்ட் போதும், அரைத் திருகு குறைவாக. அவளுக்குப் பயமே வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிதானமாக அவள் கை இருந்ததில்லை.

ராடை எடுத்துத் துடைத்தாள். கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினாள். மணி மாதிரி ஒலித்தது. அடுத்தது, அதுவும் மணி. சமதளத் தகட்டில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் வளையவில்லை. “நாசமாப்போறவனுக்கு நல்ல ராடு வேற” என்று முணுமுணுத்தாள். கடைசியாகச் சாக்பீஸைப் பொடித்து நாலு ராடிலும் பூசினாள். கீறல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்பாகக் கோடு காட்டும்.

கோடு காட்டியது.

ராடின் அடியிலிருக்கும் பெரிய வளையத்தின் தோளில், ராடும் வளையத்தின் மூடியும் சேரும் இடத்தில், ஒரு புள்ளி. அதன் கீழே சின்னதாக ஒரு சாய்கோடு. கீறல் இல்லை, உளியால் அடித்த குறி. அடுத்த ராடில் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு. அடுத்ததில் மூன்று. அடுத்ததில் நாலு.

எந்த ராடு எந்தச் சிலிண்டருக்கு என்று மறக்காமலிருக்க எல்லா மெக்கானிக்கும் புள்ளி அடிப்பார்கள். மூடி எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதற்குக் கீழே சாய்கோடு இழுப்பவன் இந்த ஊரில் ஒருத்தன்தான் இருந்தான். “கையெழுத்துப் போடத் தெரியாதவன் கீறல் போடுறான் பாரு” என்று அவனைக் கேலி செய்தவள் அவளேதான். அந்தக் குறி அடிக்கும்போது ராடை வைஸில் இறுக்கிப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ராடு ஒன்றைத் துணியில் சுற்றி மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு, பட்டறைக் கதவைக்கூடச் சாத்தாமல் சந்தைக்கு இறங்கினாள்.

பான்-சோக் வாளை மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் சில்லிட்டுச் சிவந்திருந்தன. அவள் பலகையின் மேல், மீனுக்குப் பக்கத்தில், ராடை வைத்தாள்.

“இது யாரு போட்ட கோடு?”

அவன் கையை முன்துணியில் துடைத்துவிட்டு நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினான்.

“இது எங்க கெடச்சுது?”

“யாரு போட்டதுன்னு மொதல்ல சொல்லுங்க.”

“என்னோடதுதான். இது எங்க...”

“பியோன் கார்ல. அவரு சொந்தக் கார்ல. நாலும் இருக்கு.”

அவன் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்து மேடையில் ஐஸ் கொட்டும் சத்தம் கேட்டது.

“அவரு காரும் அந்த டாக்ஸியும் ஒரே மாடல். அந்த வருசம் அதுக்கு ராடே வரல” என்றான் மெதுவாக. “பூசானுக்கு நான் பஸ் ஏறிப் போயி வாங்கியாந்த செட்டு. மாவட்டத்துக்கே அது ஒண்ணுதான். அந்த டாக்ஸிக்குத்தான் போட்டேன். கழட்டுன பழச கம்பெனி ஷெட்டுலயே குடுத்துட்டு வந்தேன்...” கத்தி பலகையில் விழுந்தது. “அவுக மாத்திருக்காக. என்னோடதக் கழட்டி முதலாளி காருக்குப் போட்டுட்டு, பழச டாக்ஸில வச்சு மூடிருக்காக.”

“ஆமா.”

“அப்ப நான் செய்யல.” கேள்வி கேட்பதுபோல இருந்தது.

“நீங்க செய்யல.”

அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“நீ என்னைய நம்புனியா, பில்-சூன்?”

அவளுக்குப் பொய் வரவில்லை. “பாதி” என்றாள்.

“பாதியா.” தலையை ஆட்டினான். “பரவால்ல. எனக்கு அதுகூட இல்ல.”

அன்றைக்குக் கடை விரிக்கத் தாமதமான கி-தே அம்மா அப்போதுதான் வந்தாள். தலையில் துணி, இடுப்பில் கிளிஞ்சல் கூடை. வழக்கம்போலப் பலகைக்கு முன்னால் நின்று வாயில் எச்சிலைக் கூட்டினாள். பில்-சூன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இன்னைக்குத் துப்பாதீங்க. துப்புனீங்கன்னா அந்த நாக்க நான் அறுத்துருவேன்.”

“விடுடீ! கொலகாரன் பொண்டாட்டி!”

“கொலகாரன நீங்க வருசா வருசம் கும்புடுறீங்க. அவன் குடுக்குற பேரிக்காய அறுத்து மகன் படத்துக்கு முன்னால வக்கிறீங்க.”

கூடை நழுவிக் கிளிஞ்சல் சிதறியது. சந்தை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பில்-சூன் எல்லாவற்றையும் சொன்னாள், ஒருமுறை சொன்னதையே இன்னொருமுறையும் சொன்னாள். கி-தே அம்மா நம்பவில்லை. “புருசனக் காப்பாத்த நீயே அடிச்ச கோடு” என்றாள்.

“அப்படியே வச்சுக்கங்க. பியோன் சியோல்லருந்து வரட்டும். என் பட்டறைக்கு வந்து ஒரு ஓரமா உக்காருங்க. நான் ஒண்ணும் பேசல. அவரு வாயால வரும்.”

பியோன் சியோலிலிருந்து திரும்பிய அன்றே பட்டறைக்கு வந்துவிட்டார், லாரியோடு. கார் எந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஜின்-பேயைக் கன்னத்தில் அறைந்துவிட்டுத்தான் கிளம்பினாராம். அது மதியச் சாப்பாட்டு நேரம். பில்-சூன் காய்ந்த மீன் போட்டுக் கொதிக்கக் கொதிக்க சூப் வைத்து, ஷிப்டு மாறுகிற பியோன் கம்பெனி டாக்ஸிக்காரர்களை ஏற்கெனவே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள். அவர்களில் மூத்தவரான பெக் அண்ணன் அடுப்போரம் கிண்ணத்தை ஊதிக்கொண்டிருந்தார். டயர் அடுக்குக்குப் பின்னால் கி-தே அம்மா உட்கார்ந்திருந்தாள். பான்-சோக் வாசல் பக்கம், மீன் வாடையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பியோன் புதுப்பல் பளபளக்க உள்ளே வந்தார். “என் எஞ்சின் எங்க? ஒரு நட்டு குறையாம ஏத்து. இந்த வீட்டுல வேல பாக்க எனக்குப் பைத்தியமா?”

“ஏத்திக்கங்க முதலாளி” என்றாள் பில்-சூன். “பிஸ்டன் நாலும் போச்சு. அந்தா இருக்கு, பாத்துக்கங்க. ராடும் நாலும் போச்சு. தேஞ்சு வளஞ்ச பழைய ராடு. பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டேன்.”

“என்னது, போட்டுட்டியா?”

“எதுக்கும் உதவாது. எந்தக் காலத்துப் பழசோ.”

“யாரப் பாத்துடீ பழசுங்குற!” பியோனின் முகம் சிவந்தது. “புருசன் செஞ்ச திருட்ட நீயும் செய்யிறியா? நல்ல ராடத் தின்னுட்டு பழசுன்னு கணக்குக் காட்டுறியா? அந்த எஞ்சின்ல இருக்குறது புது ராடு! நானே நின்னு போட வச்சது!”

“எப்ப போட்டது முதலாளி?”

“அந்த... அந்தப் பய செத்தானே, அந்த வருசம். பய சாகுறதுக்கு முன்னாடி வாரம். பொட்டி பிரிக்காத புது செட்டு!”

அடுப்போரம் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது. பெக் அண்ணன் எழுந்தார்.

“அந்த வருசம் புது செட்டு ஏது முதலாளி?” என்றார். “ராடு இல்லாம என் வண்டி மழையில நின்னு துருப்பிடிச்சுச்சு. பூசான்லருந்து பான்-சோக் கொண்டாந்தது ஒண்ணே ஒண்ணு. அது கி-தே வண்டிக்குத்தான போச்சு?”

“நான் வேற எடத்துல வாங்குனேன்.”

“எங்க?”

பியோன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பில்-சூன் மேசை மேலிருந்த துணியை இழுத்தாள். நாலு ராடும் வரிசையாகக் கிடந்தன, வெள்ளைப் பொடியில் புள்ளியும் சாய்கோடும் கறுப்பாகத் தெரிய.

“இரும்புக்காரன்கிட்டப் போடல” என்றாள். “பாருங்கண்ணே, இது யாரு குறி?”

பெக் அண்ணன் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத குறியா அது. திரும்பிப் பான்-சோக்கைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிறவர்போலச் சொன்னார்: “அந்த ஞாயித்துக்கெழம நம்ம எல்லாரையும் மலைக்கு அனுப்பி வச்சாரு. பன்னிக்கறி, சாராயம், எல்லாம் அவரு செலவு. என்னைக்குமில்லாத திருநாளா இருக்கேன்னு சிரிச்சோம். ஷெட்டு மெக்கானிக் மட்டும் வரல. அவன அப்புறம் சவூதிக்கு வேலைக்கு ஏத்திவிட்டதும் இவருதான். கி-தேதான் அன்னைக்குப் பாடுனான். கறிய வாயில வச்சுக்கிட்டே பாடுனான்.”

“பைத்தியக்காரப் பசங்களா!” பியோன் கத்தினார். “ஒரு கோட்ட வச்சுக்கிட்டு என்னைய... என் காரு நின்னு போச்சு, அடுத்த செட்டு வந்ததும் மாத்திரலாம்னுதான் இருந்தேன். பழசு இன்னும் ஒரு மாசம் தாங்கும்னு அந்த மெக்கானிக் சொன்னான்! நான் என்ன வேணும்னா...”

தான் சொல்லிவிட்டது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்.

டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து கி-தே அம்மா எழுந்து வந்தாள். எல்லோரும் விலகினார்கள். அவள் பியோனைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு வந்து, ராடுகளில் ஒன்றை எடுத்தாள். கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. தலைத்துணியை அவிழ்த்து அதைச் சுற்றினாள்.

“இது எம்மகனுக்கு வாங்குனது” என்றாள். “இது இருந்திருந்தா அவன் வீட்டுக்கு வந்திருப்பான்.”

பான்-சோக்கைத் தாண்டும்போது அவள் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கத் தலை தூக்கினாள், முடியவில்லை. அவன்தான் ஒதுங்கி வழி விட்டான்.

பியோன் லாரியைப் பார்த்து நடந்தார். டிரைவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. பெக் அண்ணன் தன் டாக்ஸியின் கதவைத் திறந்துவிட்டு, “ஏறுங்க முதலாளி. ஸ்டேஷனுக்கு நான் ஓட்டுறேன். நம்ம கம்பெனி வண்டிதான, பயப்படாதீங்க” என்றார். பின்னால் மற்ற டாக்ஸிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் வரிசையாக இறங்கின. கன்னம் வீங்கிய ஜின்-பேயும் லாரியில் ஏறி அந்த வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக, முனகிக்கொண்டுதான் நடந்தது. ஸ்டேஷனில் முதலில் சிரித்தார்கள். டிரைவர்கள் வண்டி எடுக்க மாட்டோம் என்று ஷெட்டு வாசலில் உட்கார்ந்த பிறகு எழுதிக்கொண்டார்கள். சவூதியிலிருந்து வரவழைக்கப்பட்ட மெக்கானிக் இறங்கிய அன்றே எல்லாவற்றையும் கக்கினான். பியோன் உள்ளே போனார். பான்-சோக்கின் பெயரிலிருந்த தண்டனை நீங்கியது. நீங்கியதாகச் சொல்லும் தாளை அவன் படிக்கவில்லை. மீன் வெட்டவும் போனான், சாயங்காலம் பட்டறைக்கும் வந்தான். வந்து உட்கார்ந்து அவள் செய்வதைப் பார்ப்பான். ஒரு நாள் ஒரு ராடை எடுத்துத் தட்டிப் பார்த்து, “இதத் தூக்கிப் போடு” என்றான். அவ்வளவுதான்.

“போதும் பில்-சூன். முடிஞ்சு போச்சு” என்று அவன் சொன்னபோது அவள் ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கினாள்.

சிறையில் கைதிகளைப் பார்க்க விடும் நாள். அவள் நல்ல உடுப்பு உடுத்தி, தலை சீவி, உதட்டில் சாயமும் தடவிக்கொண்டு போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பியோன் வந்து உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சொந்தக்காரர் யாரோ என்று ஆசையோடு வந்தவர், அவளைக் கண்டதும் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு வந்த?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“போன வாரமும் வந்த. அதுக்கு முந்தியும் வந்த. ஒண்ணும் பேசாமப் பாத்துட்டுப் போற. என்ன வேணும் உனக்கு? மன்னிப்புக் கேக்கணுமா? கேட்டுர்றேன். நான் வேணும்னு செய்யலம்மா. அது ஒரு கெட்ட நேரம். மெக்கானிக் தாங்கும்னு சொன்னான். ராத்திரியில யோசிச்சுப் பாத்தா, அது யாரு தப்புமில்லன்னுதான் தோணுது...”

“அதுக்குத்தான் வர்றேன்” என்றாள் பில்-சூன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

“என் புருசன் இங்க இருந்தப்ப, நீ செய்யலன்னு சொல்ல ஒருத்தரும் வரல. நானும் வந்தேன், சொல்லல. தனியா யோசிச்சு யோசிச்சு, செய்யாதத செஞ்சேன்னு நம்பிட்டாரு. இதுக்குள்ள தனியா யோசிச்சா மனுசன் எத வேணும்னாலும் நம்பிருவான். நீங்களும் இப்ப, தப்பு உங்களதில்லன்னு நம்ப ஆரம்பிச்சிருக்கீங்க பாருங்க.” அவள் கம்பிவலைக்கு நெருங்கிக் குனிந்தாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. “கி-தேயக் கொன்னது நீங்கதான். மறந்துறாதீங்க.”

காவலர் நேரம் முடிந்தது என்றார். அவள் எழுந்து மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“அடுத்த வாரம் வர்றேன் முதலாளி” என்றாள்.